விழிப்புடன் கனவுக்குள் நுழைதல்

விழிப்புடன் கனவுக்குள் நுழைதல் என்பது, உடல் உறங்கத் தொடங்கும்போது தன்னுணர்வை நழுவவிடாமல் வைத்திருந்து, விழிப்பு நிலையிலிருந்து நேராகத் தெளிவுக் கனவுக்குள் செல்லும் முறை ஆகும். கனவு நடந்துகொண்டிருக்கும்போதே, தான் காண்பது கனவு என்று காண்பவர் அறிந்திருந்தால் அது தெளிவுக் கனவு எனப்படும். ஆங்கில வழக்கில் இதனை லூசிட் டிரீம் என்பர்.

தெளிவுக் கனவு இரண்டு வழிகளில் ஏற்படுகிறது. முதல் வழியில், ஒருவர் வழக்கம்போல் உறங்கி, வழக்கம்போல் கனவு காண்கிறார். இடையில் ஏதேனும் ஒரு பொருத்தமின்மை கண்ணில் பட்டு, "இது கனவு" என்று தெளிகிறார். இறந்துபோன தாத்தா திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பதைக் கண்டு திடுக்கிட்டு உணர்வது இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது வழியில் உணர்வு இடையில் அறுபடுவதே இல்லை. விழித்திருந்தவர் விழிப்புணர்வோடேயே கனவுக்குள் காலடி வைக்கிறார். இக்கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது. இவ்விரு வகைகளையும் பிரித்துப் பெயரிட்டு ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் லாபெர்ஜ். இரண்டாவது வகைக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, இணையத்தில் இது வைல்டு முறை என்றும் அழைக்கப்படுகிறது.

இம்முறையைப் பற்றி இணையத்தில் மிகையான செய்திகளும் தேவையற்ற அச்சமூட்டல்களும் உலவுகின்றன. இதில் மந்திரமோ மறைபொருளோ இல்லை. உறக்கத்தின் இயல்பை அறிந்தால் இது ஏன் இயலும், எப்போது இயலும், எப்போது செய்யக் கூடாது என்ற மூன்றும் விளங்கும்.

உறக்கத்தின் கட்டங்கள்

உறக்கம் ஒரே சீரான நிலை அன்று. ஓர் இரவில் ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட 4 முதல் 6 சுழற்சிகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் பின்வரும் கட்டங்கள் உள்ளன.

முதல் கட்டம் மெல்லுறக்கம். சில நிமிடங்களே நீடிக்கும். பேருந்துப் பயணத்தில் தலை சாய்ந்து சாய்ந்து நிமிர்வதும், படித்துக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த பேனா நழுவுவதும் இக்கட்டத்தில்தான்.

இரண்டாம் கட்டம் சற்று ஆழ்ந்தது. இரவின் மொத்த உறக்கத்தில் ஏறத்தாழ பாதி இதுவே.

மூன்றாம் கட்டம் ஆழுறக்கம். இதில் மூளையின் மின்னலைகள் மெதுவாகவும் பெரிதாகவும் இருக்கும். இதில் உறங்குபவரை எழுப்புவது கடினம். எழுப்பினாலும் சிறிது நேரம் ஒன்றும் புரியாமல் விழிப்பார்.

நான்காவதாக வருவது விரைவு விழியசைவு உறக்கம். சுருக்கமாக ரெம் உறக்கம் எனப்படும் இக்கட்டத்தில், மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைகின்றன. மூளை விழிப்பு நிலைக்கு நெருக்கமான சுறுசுறுப்புடன் இயங்குகிறது. தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் இப்போதுதான் தோன்றுகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் ஆகியோர் 1953ஆம் ஆண்டு இக்கட்டத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர்.

ரெம் உறக்கத்தின் அளவு இரவு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் சுழற்சியில் சில நிமிடங்களே வரும் இது, விடியலை நெருங்க நெருங்க நீண்டு, இறுதிச் சுழற்சிகளில் அரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் நீடிக்கக்கூடும். ஆழுறக்கமோ இதற்கு நேர்மாறாக முன்னிரவில் மிகுந்து பின்னிரவில் குறைகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. அது பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலைக் கனவு நீளமாகவும் தெளிவாகவும் இருப்பதற்கும், எழுந்ததும் நினைவில் நிற்பதற்கும் காரணம் இதுதான்.

ரெம் உறக்கத்தின் மற்றொரு தன்மையும் முக்கியமானது. இக்கட்டத்தில் மூளைத்தண்டிலிருந்து செல்லும் குறிப்புகள் கை, கால், உடல் தசைகளின் இயக்கத்தை நிறுத்திவைக்கின்றன. கனவில் ஓடும்போது படுக்கையில் கால்கள் ஓடாமல் காப்பது இந்தத் தசைத் தளர்வே. கண் தசைகளும், மூச்சு விட உதவும் உதரவிதானமும் இதற்கு விலக்கு. இவ்விரு விலக்குகளும் பின்வரும் பகுதிகளில் பயன்படும்.

உறக்கத்தின் வாசலில் தோன்றும் காட்சிகள்

விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் மூடிய கண்களுக்குள் நிறங்கள், கோடுகள், கட்டங்கள், அறிமுகமற்ற முகங்கள், நிலக்காட்சிகள் ஆகியவை தோன்றுவதுண்டு. யாரோ பெயர் சொல்லி அழைப்பதுபோலவும், கதவு தட்டப்படுவதுபோலவும் ஒலிகள் கேட்கலாம். உடல் மிதப்பதுபோலவோ, கட்டிலோடு சுழல்வதுபோலவோ தோன்றலாம். படியிலிருந்து தவறி விழுந்ததுபோல் உடல் திடீரெனத் துள்ளுவதும் இந்நேரத்தில்தான். இவற்றுக்குத் தனிப்பெயர் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் மோரி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் தம் அனுபவங்களையே கூர்ந்து கவனித்து எழுதினார்.

பலரும் இக்காட்சிகளை நாள்தோறும் காண்கின்றனர். ஆனால் கண்ட சில நொடிகளிலேயே உணர்வு மங்கிவிடுவதால் காலையில் நினைவிருப்பதில்லை. ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி, கையில் ஒரு சாவியைப் பிடித்தபடி நாற்காலியில் கண்ணயர்வதை ஓர் உத்தியாகப் பரிந்துரைத்தார். உறக்கம் வந்ததும் தசை தளர்ந்து சாவி கீழே இருக்கும் தட்டில் விழும். அந்த ஓசையில் விழித்து, கண்ட காட்சியை அவர் பிடித்துக்கொள்வார். 2021இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதே உத்தியைப் பயன்படுத்தி மெல்லுறக்கத்தை ஆராய்ந்தனர். கணக்கு ஒன்றில் மறைந்திருந்த குறுக்கு வழியைக் கண்டுபிடித்தவர்களின் விகிதம், சிறிது நேரம் மெல்லுறக்கத்தில் இருந்தவர்களிடையே விழித்தே இருந்தவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. ஆழ்ந்து உறங்கிவிட்டவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை.

விழிப்புடன் கனவுக்குள் நுழையும் முறையில் இந்த வாசற்காட்சிகளே வழிகாட்டிகள். அவற்றை விரட்டவும் கூடாது, அவற்றில் மூழ்கி மறந்துவிடவும் கூடாது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தால், சிதறிய காட்சிகள் ஒன்றுசேர்ந்து, ஒரு கட்டத்தில் பார்ப்பவரைச் சூழ்ந்த முழுக் கனவாகின்றன.

வரலாறு

உறங்கும்போதே அது கனவென்று மனத்தில் ஏதோ ஒன்று சொல்வதுண்டு என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கனவுகளைப் பற்றிய தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். திபெத்திய பௌத்தத்தில் நாரோபரின் ஆறு நெறிகளுள் ஒன்றாகக் கனவு யோகம் இடம்பெற்றுள்ளது. அங்கு இது ஆன்மிகப் பயிற்சி. கனவின் பொய்ம்மையை உணர்வதன் மூலம் உலகின் நிலையாமையை உணர்வதே அதன் நோக்கம்.

1867இல் பிரான்சைச் சேர்ந்த எர்வே த சாந்தெனி, தம் கனவுகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, கனவுகளையும் அவற்றை நெறிப்படுத்தும் வழிகளையும் பற்றி நூல் வெளியிட்டார். 1913இல் நெதர்லாந்து மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் வெளியிட்ட கட்டுரையால் தெளிவுக் கனவு என்ற பெயர் நிலைபெற்றது.

எனினும் அறிவியலாளர் பலர் இதனை நம்பவில்லை. உறங்குபவருக்குத் தன்னுணர்வு இருக்க முடியாது, இடையில் சில நொடிகள் விழித்திருப்பார், அதையே கனவு என்று தவறாகக் கருதுகிறார் என்பது அவர்களின் வாதம். உறங்குபவர் கனவிலிருந்தபடியே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினால்தான் இவ்வாதத்துக்கு விடை கிடைக்கும். ஆனால் உடல்தான் அசையாதே!

இங்குதான் கண் தசைகள் கைகொடுத்தன. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வோர்ஸ்லி என்பவரை உறங்கவைத்துச் சோதித்தார். தெளிவுக் கனவு வந்ததும் கண்களை இடமும் வலமும் மாறி மாறி அசைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தனர். கருவி ரெம் உறக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்த வேளையில், அந்த ஒழுங்கான கண்ணசைவு பதிவாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டறிந்து, 1981இல் ஆய்விதழில் வெளியிட்டார். அதன்பின் தெளிவுக் கனவு உண்மை நிகழ்வு என்பது பொதுவாக ஏற்கப்பட்டது.

2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வகங்கள் 36 பேரிடம் நடத்திய ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. கனவில் இருப்பவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்பது போன்ற எளிய வினாக்கள் கேட்கப்பட்டன. சிலர் கண்ணசைவால் சரியான விடை தந்தனர். கேட்கப்பட்ட வினாக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே சரியான விடை கிடைத்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு விடையே வரவில்லை. ஆயினும் உறங்குபவருடன் இருவழிப் பேச்சு இயலும் என்பது இதனால் உறுதியானது.

ஏன் இரவு படுத்தவுடன் இயலாது?

இம்முறையை முயல்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, இரவு படுத்தவுடன் முயல்வது. இயல்பான உறக்கம் மெல்லுறக்கத்தில் தொடங்கி ஆழுறக்கத்துக்குச் செல்கிறது. ரெம் உறக்கம் வர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் தன்னுணர்வைப் பிடித்திருப்பது ஏறக்குறைய இயலாதது. பிடித்திருக்க முயன்றால் உறக்கம்தான் கெடும்.

மாறாக, ஐந்து ஐந்தரை மணி நேரம் உறங்கிய பிறகு ஆழுறக்கத்தின் தேவை பெரும்பாலும் நிறைவேறியிருக்கும். அப்போது விழித்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் உறங்கினால் ரெம் உறக்கம் விரைவிலேயே வந்துவிடக்கூடும். விழிப்புக்கும் கனவுக்கும் இடைப்பட்ட தொலைவு குறைந்துவிடுவதால், உணர்வோடு அதைக் கடப்பது இயலுகிறது. ஆறு அகலமாக ஓடும் இடத்தை விட்டு, குறுகி ஓடும் இடத்தில் கடப்பதைப் போன்றது இது. இதனால்தான் இம்முறை, விழித்து மீண்டும் உறங்கும் உத்தியோடு சேர்த்தே கற்பிக்கப்படுகிறது.

செய்முறை

1. கனவுக் குறிப்பேடு. தொடங்கும் முன் இரண்டு மூன்று வாரங்கள் நாள்தோறும் காலையில் எழுந்தவுடன் கனவை எழுதிவர வேண்டும். எழுந்து முகம் கழுவுவதற்குள் கனவு மறந்துபோகும் என்பதால் குறிப்பேடு தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். கனவை நினைவில் வைக்கப் பழகாதவருக்குத் தெளிவுக் கனவு வந்தாலும் மறந்துபோகக்கூடும்.

2. நேரத் தேர்வு. மறுநாள் விடுமுறையாக உள்ள இரவே ஏற்றது. இரவு 10 மணிக்கு உறங்குபவர் 3.30 மணிக்கு எழுமாறு மெல்லிய ஒலியுள்ள அலாரம் வைக்கலாம். இழந்த நேரத்தை ஈடுசெய்யக் காலையில் கூடுதலாக உறங்க இடமிருக்க வேண்டும்.

3. இடைவிழிப்பு. எழுந்து 20 முதல் 30 நிமிடங்கள் விழித்திருக்க வேண்டும். கைப்பேசியைத் தொடக் கூடாது. மங்கிய ஒளியில், சற்றுமுன் கண்ட கனவை எழுதலாம். அடுத்த கனவில் என்ன செய்ய வேண்டும் என்று எண்ணலாம். குறைவாக விழித்திருந்தால் உணர்வின்றி உறங்கிவிடுவோம். அதிகமாக விழித்திருந்தால் உறக்கமே வராது. தமக்கேற்ற அளவைச் சில முயற்சிகளுக்குப் பிறகு அவரவரே அறிய வேண்டும்.

4. உடல் தளர்த்தல். வசதியாகப் படுத்து, கால் விரலிலிருந்து தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தைச் செலுத்தித் தளர்த்த வேண்டும். யோக நித்திரை வகுப்புகளில் சொல்லித்தரப்படும் முறையும் இதைப் போன்றதே. மூச்சை அடக்கவோ இழுக்கவோ வேண்டாம். இயல்பாக விட்டால் போதும்.

5. உணர்வுக்கு ஒரு பற்றுக்கோல். லாபெர்ஜ் பரிந்துரைத்த எளிய வழி எண்ணுதல்: "ஒன்று, நான் கனவு காண்கிறேன், இரண்டு, நான் கனவு காண்கிறேன்" என்று மனத்துக்குள் மெதுவாக எண்ணிக்கொண்டே உறங்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் கவலைப்படாமல் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கலாம். மூச்சைக் கவனிப்பதும், வாசற்காட்சிகளைக் கவனிப்பதும் மாற்று வழிகள்.

6. கடந்து செல்லுதல். காட்சிகள் தெளிவடையும்போது ஆவலுடன் எட்டிப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் கலைந்துவிடும். அதிர்வு, இரைச்சல், மிதப்பு போன்ற உணர்வுகள் தோன்றினால் அவை உறக்கம் நெருங்குவதன் அறிகுறிகள் என்று எண்ணி விட்டுவிட வேண்டும். சிறிது நேரத்தில் தாம் ஓர் அறையிலோ தெருவிலோ நிற்பதை உணரலாம்.

7. சோதித்தல். கனவு சில நேரங்களில் படுத்திருக்கும் அதே அறையாகவே தோன்றும். எனவே உறக்கம் வரவில்லை என்று நினைத்து எழுந்து நடப்பவர், உண்மையில் கனவில் நடந்துகொண்டிருக்கலாம். இதைப் பொய் விழிப்பு என்பர். மூக்கை இரு விரல்களால் மூடி மூச்சு விட முயல்வது நல்ல சோதனை. கனவாயின் மூடிய மூக்கின் வழியாகவும் மூச்சு வருவதுபோல் தோன்றும். எழுதப்பட்ட ஒரு வரியை ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி, மீண்டும் படிப்பது மற்றொரு சோதனை. கனவில் எழுத்துகள் மாறிவிடும். ஒரு சோதனை பொய்க்கலாம் என்பதால் இரண்டையும் செய்ய வேண்டும். மாடியிலிருந்து குதிப்பது போன்ற ஆபத்தான செயல்களைச் சோதனையாகவோ விளையாட்டாகவோ ஒருபோதும் செய்யக் கூடாது.

8. நிலைநிறுத்தல். தொடக்கத்தில் மகிழ்ச்சி மிகுதியால் பலர் உடனே விழித்துவிடுவர். கனவு மங்கினால் கனவுக் கைகளை ஒன்றோடொன்று தேய்ப்பதும், நின்ற இடத்திலேயே சுழல்வதும் உதவும் என்று லாபெர்ஜ் கண்டார்.

எவ்வளவு வெற்றி எதிர்பார்க்கலாம்?

2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வினவப்பட்டவர்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தெளிவுக் கனவு கண்டுள்ளனர். ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்கின்றனர். இவற்றில் பெரும்பாலானவை தற்செயலாகக் கனவின் நடுவே தெளிந்தவையே. உணர்வு அறுபடாமல் நுழைவது அரிது. எனவே முதல் நாளிலேயே பலன் தரும் என்று விளம்பரப்படுத்தப்படும் வழிகளை நம்ப வேண்டாம்.

தொடங்குபவர்க்கு இதைவிட எளிய முறை ஒன்றுண்டு. இடையில் விழித்தெழுந்து மீண்டும் உறங்கும்போது, "அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்று நினைவுகொள்வேன்" என்று பொருளுணர்ந்து மனத்தில் பதித்துக்கொண்டு, உணர்வைப் பிடித்திருக்க முயலாமல் உறங்கிவிடலாம். 2017இல் வெளியான, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டென்ஹோம் ஆஸ்பியின் ஆய்வில், இதனையும் இடைவிழிப்பையும் பகல்நேரச் சோதனைப் பழக்கத்தையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வார முயற்சியில் ஏறத்தாழ 17 விழுக்காடு வெற்றி கிடைத்தது. பதித்துக்கொண்ட பிறகு ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு வெற்றி இன்னும் மிகுதி. உறக்கத்தோடு போராடாதவரே கூடுதலாக வெற்றி பெறுகிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அமுக்குவான் பேயும் உறக்க முடக்கமும்

இம்முறையை முயல்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு உறக்க முடக்கம். ரெம் உறக்கத்தின் தசைத் தளர்வு உடலில் இருக்க, உணர்வு மட்டும் விழித்துக்கொண்டால், கண் திறந்திருக்கும், அறை தெரியும், ஆனால் கையையும் காலையும் அசைக்க முடியாது, கத்தவும் வராது. நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்து அமுக்குவதுபோலவும், அறையில் யாரோ நிற்பதுபோலவும் தோன்றும். தமிழ் மக்கள் இதனை அமுக்குவான் பேய் என்பர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழச் சூனியக்காரி என்றும், ஜப்பானில் கனாஷிபாரி என்றும் இதே அனுபவத்துக்குப் பெயர்கள் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாட்டு மக்கள் ஒரே அனுபவத்தைச் சொல்வது, இது மனித உடலின் பொதுவான நிகழ்வு என்பதையே காட்டுகிறது.

நெஞ்சில் ஏற்படும் அழுத்தத்துக்கும் விளக்கம் உண்டு. ரெம் உறக்கத்தில் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்ந்திருப்பதால், மூச்சு பெரும்பாலும் உதரவிதானத்தாலேயே நடக்கிறது. விழித்தவர் ஆழ்ந்து மூச்சிழுக்க முயலும்போது நெஞ்சு ஒத்துழைக்காததால், எதுவோ அமுக்குவதாக மனம் பொருள்கொள்கிறது. உண்மையில் மூச்சு நிற்பதில்லை. அறையில் யாரோ இருப்பதாகத் தோன்றுவது, விழித்த கண்முன் கனவு தொடர்வதால் ஏற்படுவது.

2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பொதுமக்களில் 7.6 விழுக்காட்டினரும் மாணவர்களில் 28.3 விழுக்காட்டினரும் ஒருமுறையேனும் இதை அனுபவித்துள்ளதாகக் கூறுகிறது. உறக்கக் குறைவும், ஒழுங்கற்ற உறக்க நேரமும், மல்லாந்து படுப்பதும் இதற்கு வாய்ப்பளிக்கின்றன. தேர்வுக் காலத்தில் கண் விழித்துப் படித்துவிட்டு, விடியலில் உறங்கும் மாணவர் ஒருவருக்கு இது வந்தால், பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துச் செல்வதைவிட, ஒரு வாரம் நேரத்தோடு உறங்கவைப்பதே நல்லது. "உன்மேல் யாரும் ஏறி உட்காரவில்லை, உன் உடலைவிட உன் மனம் சற்று முந்தி எழுந்துவிட்டது" என்று பெரியவர்கள் விளக்கினாலே பாதி அச்சம் போய்விடும்.

முடக்கம் ஏற்பட்டால் திமிறக் கூடாது. திமிறினால் அச்சம் கூடும். மூச்சை அதன் போக்கில் விட்டு, கண்களை அசைத்து, கால் கட்டைவிரலையோ கைவிரல் நுனியையோ மெல்ல அசைக்க முயல வேண்டும். சில நொடிகளில் அல்லது சில நிமிடங்களில் அது தானே விலகும். பயிற்சி உள்ளவர்கள் முடக்கத்தைக் கனவின் வாசலாகக் கொண்டு, அமைதியாகக் கண்ணை மூடி கனவுக்குள் சென்றுவிடுவதும் உண்டு. அஞ்சுபவர்கள் அவ்வாறு முயலத் தேவையில்லை.

பயன்கள்

அடிக்கடி தீக்கனவு காண்பவர்கள், கனவிலேயே அது கனவென்று உணர்ந்து அதன் போக்கை மாற்றப் பழகினால் தீக்கனவுகள் குறைவதாகச் சிறிய அளவிலான சில ஆய்வுகள் காட்டுகின்றன. துரத்தும் உருவத்திடமிருந்து ஓடாமல் நின்று, "நீ யார்?" என்று கேட்பது இதில் ஒரு வழி. எனினும் கொடுமையான நிகழ்வுகளுக்குப் பின் தீக்கனவு காண்பவர்கள் மனநல மருத்துவரின் துணையின்றி இதனை முயலக் கூடாது.

செயல்திறன் பயிற்சியிலும் இது ஆராயப்பட்டுள்ளது. 2010இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், நாணயத்தை ஒரு குவளைக்குள் எறியும் செயலைத் தெளிவுக் கனவில் பழகியவர்கள் காலையில் முன்னேற்றம் காட்டினர். ஆனால் இரவில் கனவில் பழக முயன்றவர்களில் பலருக்கு அதற்கான கனவே வரவில்லை. ஆகவே தூங்கிக்கொண்டே பாடம் படிக்கலாம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. கனவில் திறக்கும் புத்தகத்தில், நாம் முன்பே அறிந்ததைத் தவிர வேறொன்றும் இருக்காது. கனவில் எழுத்தும் நிலையாக நிற்காது.

யார் தவிர்க்க வேண்டும்?

* இல்லாததைக் காணுதல், கேட்டல் போன்ற மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள். கனவுக்கும் நனவுக்கும் இடையிலுள்ள எல்லையை இப்பயிற்சி அவர்களுக்கு மேலும் குழப்பக்கூடும்.
* உறக்கமின்மையால் துன்புறுபவர்கள். இரவில் வேண்டுமென்றே எழுவது அவர்களின் நிலையை மோசமாக்கும்.
* மறுநாள் வண்டி ஓட்டுபவர்கள், இயந்திரங்களில் வேலை செய்பவர்கள், தேர்வு எழுதுபவர்கள்.
* பகலில் கட்டுப்படுத்த முடியாத உறக்கமும், சிரிக்கும்போது தசைகள் திடீரெனத் தளர்வதும், படுத்தவுடன் கனவு வருவதும் சேர்ந்து உள்ளவர்கள். இவை நார்கோலெப்சி என்னும் உறக்கக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். இவர்கள் மருத்துவரை அணுக வேண்டும்.

மறதி நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளைத் தெளிவுக் கனவுக்காக உட்கொள்ளுமாறு இணையத்தில் சிலர் பரிந்துரைக்கின்றனர். மருத்துவர் அறிவுரையின்றி அவற்றை உட்கொள்வது ஆபத்தானது.

13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கமும், பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கமும் தேவை என உறக்க மருத்துவர்கள் கூறுகின்றனர். இந்த அளவை எட்டாதவர் முதலில் எட்ட வேண்டியது அதைத்தான். வாரத்தில் ஒருநாளுக்கு மேல் இப்பயிற்சிக்காக இரவில் எழாமல் இருப்பது நன்று.

இந்திய, தமிழ் மரபில்

மாண்டூக்ய உபநிடதம் நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம் ஆகிய மூன்றையும் அவற்றைக் கடந்த நான்காம் நிலையான துரியத்தையும் பேசுகிறது. தமிழ்ச் சைவ சித்தாந்தம் துரியாதீதத்தையும் சேர்த்து ஐந்து அவத்தைகளைக் கூறும். அவை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று தமிழில் வழங்குகின்றன. உயிர் இந்நிலைகளில் எவ்வாறு நிற்கிறது என்று அந்நூல்கள் நுணுகி ஆராய்கின்றன. ஆனால் அவற்றின் நோக்கம் வீடுபேறு. இங்கு விளக்கப்பட்ட முறையின் நோக்கமோ கனவை உணர்வோடு காண்பது. துரியத்தையும் தெளிவுக் கனவையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. ஆயினும் உணர்வு என்பது விழிப்புக்கு மட்டும் உரியதா என்ற வினா இரண்டுக்கும் பொதுவானது.

தவறான கருத்துகள்

கனவிலிருந்து மீள முடியாமல் சிக்கிக்கொள்வர் என்பது தவறு. ரெம் உறக்கம் தானே முடிவடையும். அதனுடன் அக்கனவும் கலையும்.

கனவில் இறந்தால் உண்மையிலும் இறந்துவிடுவர் என்பது தவறு. கனவில் விழுந்தும் மடிந்தும் விழித்தெழுந்தவர்கள் ஏராளம்.

உயிர் உடலை விட்டு வெளியே செல்கிறது என்பதற்குச் சான்று இல்லை. மிதப்பதுபோன்ற உணர்வு, உறக்கத்தின் வாசலில் உடலைப் பற்றிய மூளையின் கணிப்பு மாறுவதால் ஏற்படுகிறது.

கனவில் சில நிமிடங்களுக்குள் பல ஆண்டுகள் வாழலாம் என்பதும் சரியன்று. தெளிவுக் கனவில் பத்து நொடிகளை எண்ணச் சொல்லி, கண்ணசைவால் குறிக்கச் செய்த சோதனைகளில், கனவு நேரம் விழிப்பு நேரத்தை ஒட்டியே இருந்தது.

விழிப்புடன் கனவுக்குள் நுழைதல் பொறுமையால் கைவரும் ஒரு திறன். கைவராவிட்டாலும் இழப்பு ஒன்றும் இல்லை. உறங்கும் முன் மூடிய இமைக்குள் தோன்றும் முதல் நிறத்தை ஒருநாள் கவனித்துவிட்டு, அப்படியே அயர்ந்து உறங்கிப்போனாலும் அந்த இரவு வீணானது அன்று.